மருட்கை என்றால் வியப்பா, மயக்கமா?

கேள்வி இதுதான்: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு எட்டு வகை மெய்ப்பாடுகளை (உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் நிலைகளை) சொல்லிக் கொடுக்கும்போது ஓர் அம்மாவுக்கு ஐயம் வந்திருக்கிறது. "நகையே அழுகை இளிவரல் மருட்கை" என்று வரிசையாகச் சொல்கிறார் தொல்காப்பியர். மருட்கை என்றால் வியப்பு என்கிறது பாடநூல். ஆனால் மருள் என்றால் மயக்கம், மருட்சி என்றால் பயம். மருண்ட மான் வியந்துபோய் நிற்கும் மான் இல்லையே! வியப்பு என்ற நல்ல சொல் இருக்கும்போது இந்தச் சொல்லை ஏன் வைத்தார்? இன்றைக்கு நாம் எழுதும்போது மருட்கை என்று எழுதலாமா?

மருட்கை வியப்புதான், அதில் ஐயமில்லை. உரையாசிரியர்களும் அப்படித்தான் பொருள் சொல்கிறார்கள். ஆனால் அந்த மயக்கமும் அதற்குள்ளேயே இருக்கிறது, அதை வெளியே தள்ளிவிட்டால் சொல் செத்துப்போகும் என்பது என் கருத்து.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடலாம். வேள் என்பதோடு கை சேர்ந்து வேட்கை ஆனதுபோல, மருள் என்பதோடு கை சேர்ந்து மருட்கை. மருள் என்றால் அறிவு தடுமாறுதல். பொருள் அல்லாததைப் பொருள் என்று உணர்வதை மருள் என்கிறது குறள் (351). திருநாவுக்கரசருக்குப் பெற்றோர் வைத்த பெயர் மருணீக்கியார், அதாவது மருளை நீக்குபவர். சாமி வந்து ஆடுபவரை மருளாளி என்று இன்றும் சில ஊர்களில் சொல்கிறார்கள், "மருள் ஏறிருச்சு" என்பார்கள். இங்கெல்லாம் பொருள் ஒன்றுதான்: தன் அறிவு தன் கையில் இல்லாத நிலை.

இப்போது தொல்காப்பியத்துக்கு வருவோம். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் ஆறாவது இயல். எட்டு மெய்ப்பாடுகளையும் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்று அடுக்கிக்கொண்டு போவார். மருட்கைக்கு அவர் சொல்வது:

"புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு
மதிமை சாலா மருட்கை நான்கே"

முன்பு கண்டிராதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. இந்த நான்கும்தான் மருட்கையின் பிறப்பிடங்கள். பாடநூல்களில் இந்த நான்கையும் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். நடுவில் இருக்கும் "மதிமை சாலா" என்ற இரண்டு சொற்களை யாரும் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால் நூற்பாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சாலுதல் என்றால் நிறைதல், போதுமாதல். மதிமை சாலா என்றால் அறிவு போதாத. எதிரே நிற்கும் பொருளை அளக்க நம் அறிவு பற்றாமல் போகும்போது வருவது மருட்கை. பொருள் பெரிதாக இருப்பதால் மட்டும் வந்துவிடாது. அறிவின் படி சிறிதாகி, அளந்து முடியாமல் வழியவேண்டும்.

எங்கள் அம்மாச்சி கம்பம் பக்கத்துக்காரர். அறுபது வயதுவரை அவருக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் வைகை அணைதான். 71 அடி நிரம்பி நிற்கும்போது ஒருமுறை பார்த்திருக்கிறார், அதையே பல வருடம் பேசியிருக்கிறார். தொண்ணூறுகளில் ஒரு தை மாதம் எல்லோரும் வேன் பிடித்துத் திருச்செந்தூர் போனோம். விடியற்காலை. கோயிலைத் தாண்டி மணலில் கால் வைத்ததும், "அடியாத்தீ" என்றார். அவ்வளவுதான். அப்புறம் பேச்சே இல்லை. கையில் மாற்றுப் புடவை வைத்த மஞ்சப்பை ஒன்று இருந்தது. அது நழுவி மணலில் விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏய்யா, இதுக்கு அங்கிட்டுக் கரை இருக்கா?" என்று கேட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் தெருவில் எல்லோரிடமும் ஒரே வாசகத்தைத்தான் சொன்னார்: "மலைச்சுப் போச்சுடி. கண்ணு பத்தல."

கண்ணு பத்தல. மதிமை சாலா. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் நூற்பாவுக்கு உரை சொல்லிவிட்டார். விழுந்த பையும் உரைதான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், கூத்தர்கள் எந்தச் சுவையை எப்படி உடலில் காட்டவேண்டும் என்று சொல்லும் பழைய பாட்டுகளை எடுத்துக் காட்டுகிறார். அற்புதத்தின் அடையாளங்களாக அங்கே வருபவை: சொற்சோர்வு, சோர்ந்த கை, மயிர் குளிர்தல், இமைப்பதும் விழிப்பதுமாக இருத்தல். பேச்சு நின்றுபோகும், கை தளரும். முதன்முறை அதைப் படித்தபோது எனக்கு அந்த மஞ்சப்பைதான் ஞாபகத்துக்கு வந்தது.

அற்புதம் என்று சொன்னதால் ஒரு சின்ன விளக்கம். வடமொழி நாட்டிய சாஸ்திரமும் எட்டுச் சுவைகளைச் சொல்கிறது (சாந்தம் சேர்ந்து ஒன்பதானது பிற்காலத்தில்). அங்கே அற்புதம் இருக்கும் இடத்தில்தான் தொல்காப்பியத்தில் மருட்கை இருக்கிறது. பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் உடனே பிடிபடும்.

பெருமைக்குக் கடல் ஆயிற்று. சிறுமை எப்படி வியப்புக்குக் காரணம் ஆகும் என்று மகள் கேட்டால் ஆலம்பழத்தைக் கையில் கொடுத்துப் பிய்க்கச் சொல்லுங்கள். அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கையில் வருவதுதான்: ஆலம்பழத்து விதை, குளத்துச் சிறுமீனின் முட்டையைவிட நுண்ணியது, ஆனாலும் யானை, தேர், குதிரை, காலாள் என்று படையோடு வரும் மன்னனுக்கு அது நிழலாகும். சிறுமை, ஆக்கம், பெருமை மூன்றையும் ஒரே விதைக்குள் வைத்துவிட்டார். இதற்கு மேல் எடுத்துக்காட்டு தேடவேண்டியதில்லை.

ஏன் வியப்பு என்று நேராகச் சொல்லவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு நல்ல சாட்சி புறநானூற்று 217ஆம் பாட்டு. கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு பகை ஏற்பட்டு, வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிகிறான். பாண்டிய நாட்டில் இருக்கும் பிசிராந்தையார் அவனுக்கு நண்பர். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனாலும் "அவர் வருவார்" என்று அரசன் உறுதியாகச் சொல்கிறான். சுற்றி இருப்பவர்களுக்கு நம்பிக்கை இல்லை. அவர் வந்தே விடுகிறார். அதை அருகிலிருந்து பார்த்த பொத்தியார் பாடுகிறார்:

"நினைக்குங் காலை மருட்கை உடைத்தே"

இத்தனை சிறப்புள்ள ஓர் அரசன் இப்படி ஒரு முடிவெடுத்தது நினைக்க நினைக்க மருட்கை தருகிறது. வேற்று நாட்டுச் சான்றோன் ஒருவர் நட்பையே பற்றுக்கோடாகக் கொண்டு இந்த நேரத்தில் வந்து சேர்ந்தது "அதனினும் மருட்கை உடைத்தே". கொஞ்சம் கீழே போனால், வருவான் என்று சொன்ன அரசனின் பெருமையையும் அது பொய்க்காமல் வந்தவரின் அறிவையும் எண்ணி,

"வியத்தொறும் வியத்தொறும் வியப்பிறந் தன்றே"

என்கிறார். இறத்தல் என்றால் இங்கே கடத்தல். வியக்க வியக்க, வியப்பு தன் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

ஒரே பாட்டில் இரண்டு சொற்கள், ஆனால் இடம் மாறி உட்காரவில்லை. நடந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது மருட்கை: அரசன் துணிந்தது, நண்பர் வந்தது. மனிதரின் பண்பைச் சொல்லும்போது வியத்தல்: அவன் பெருமை, இவர் அறிவு. பொத்தியார் இலக்கணம் பார்த்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்துக் காதுக்கு இரண்டும் வேறாகக் கேட்டிருக்கிறது என்கிறேன்.

வியத்தல் என்பதில் மதிப்பீடு உண்டு. ஒன்றைப் பார்த்து, எடைபோட்டு, உயர்ந்தது என்று தலையில் தூக்கி வைப்பது. அதனால்தான் கணியன் பூங்குன்றனார் "பெரியோரை வியத்தலும் இலமே" என்று சொல்லிவிட்டு, அடுத்த அடியிலேயே இகழ்தலை எதிர்ப்பக்கம் வைக்கிறார். தராசின் இரண்டு தட்டு. வள்ளுவர் இன்னும் ஒருபடி போய், தன்னையே வியப்பது என்கிறார். "வியவற்க எஞ்ஞான்றும் தன்னை" (439). அளவறியாமல் தன்னை வியந்தவன் "விரைந்து கெடும்" (474). தன்னைத் தானே வியந்துகொள்ள முடியும், நம்மைச் சுற்றி நிறையப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் தன்னைப் பார்த்துத் தானே மருள முடியுமா? கண்ணாடி முன் நின்று மருட்கை அடைந்தவர் எவரும் இல்லை. வியப்பில் அறிவு வேலை செய்கிறது. மருட்கையில் அறிவு வேலைநிறுத்தம் செய்கிறது.

இலக்கணத்திலும் இந்த வேறுபாடு தெரியும். வியத்தலுக்குச் செயப்படுபொருள் உண்டு: அவரை வியந்தேன், அதை வியந்தேன். நான் செய்யும் வேலை அது. பொத்தியார் நான் மருண்டேன் என்று சொல்லவில்லை, "மருட்கை உடைத்து" என்கிறார். அந்த நிகழ்ச்சி மருட்கையை வைத்திருக்கிறது, அது நம்மேல் வந்து விழுகிறது. இன்றைய பேச்சிலும் அப்படித்தானே சொல்கிறோம்? "மலைப்பா இருக்கு", "பிரமிப்பா இருக்கு". எழுவாயாக நான் என்று ஒருவன் அங்கே இல்லவே இல்லை. அம்மாச்சியும் மலைத்துப் போனேன் என்று சொல்லவில்லை, "மலைச்சுப் போச்சு" என்றார்.

திருக்குறளில் காமத்துப்பாலின் முதல் குறளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல் மாலும்என் நெஞ்சு." தெய்வமா, மயிலா, பெண்ணா, என் நெஞ்சு மயங்குகிறது. மாலுதல் என்றால் மயங்குதல். அழகைக் கண்டவன் அழகு என்று சொல்லவே இல்லை. எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியவில்லை என்கிறான். மருட்கை என்ற சொல் குறளில் இங்கே இல்லாவிட்டாலும் பொருள் அதுதான்.

சொல் வழக்கொழிந்தாலும் அந்தச் சிந்தனை தமிழில் ஒழியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. உச்சகட்ட வியப்புக்கு நாம் இன்று பயன்படுத்தும் சொற்களை எடுத்துத் தட்டிப் பாருங்கள், ஏறக்குறைய எல்லாம் தடுமாற்றச் சொற்கள்தான். பிரமிப்பு பிரமையிலிருந்து வந்தது. அது வடசொல், பொருள் சுழற்சி, மயக்கம். திகைப்பு, திக்குமுக்காடல் எல்லாம் வழி தெரியாத நிலை. மலைப்பு என்பதை மலை போல இருப்பதால் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மலைத்தல் என்ற பழைய வினைக்கு எதிர்த்தல், பொருதல் என்றும் மயங்குதல் என்றும் பொருள். அசந்துபோவது இன்னும் வேடிக்கை. அசதியில் கண்ணயர்வதும் அசருவதுதான், ஒரு பாட்டைக் கேட்டு வாய்பிளப்பதும் அசருவதுதான். "நேத்து ராத்திரி அசந்துட்டேன்" என்றால் தூக்கம், "அந்தப் பொண்ணு பாடினதுல அசந்துட்டேன்" என்றால் வியப்பு. இரண்டிலும் அறிவு காவலை விட்டு இறங்கிவிடுகிறது. அதிலிருந்து வந்ததுதான் "அசத்திட்டான்".

மிரட்டலை மறந்துவிடக் கூடாது. பட விமர்சனம் பேசுகிறவர்கள் "மிரட்டிட்டாருய்யா", "மிரட்டலான நடிப்பு" என்கிறார்கள். யாரும் யாரையும் பயமுறுத்தவில்லை. மருண்ட மான் எப்படி வியப்புக்குள் வந்தது என்று கேட்டீர்களே, மிரட்டல் எப்படிப் பாராட்டாயிற்றோ அப்படித்தான். மொழித்தூய்மை பார்ப்பவர்கள் இந்த வழக்கைக் கண்டு முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். தொல்காப்பியர் சுளித்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

வியப்பில் வாயிலிருந்து வரும் ஒலிகளையும் கவனியுங்கள். அம்மாடி, ஆத்தாடி, அடேயப்பா, யப்பா, அடங்கப்பா. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் என்றால் அம்மாளாச்சியைக் கூப்பிடுவார்கள். எல்லாம் தாயையும் தகப்பனையும் தெய்வத்தையும் அழைப்பவை. கல் தடுக்கினாலும் அதே அம்மா, கோபுரத்தைப் பார்த்தாலும் அதே அம்மா. அறிவு கைவிட்டதும் குழந்தை ஓடும் இடத்துக்கே வளர்ந்தவனும் ஓடுகிறான்.

இனி எழுதும்போது எதை எங்கே போடுவது. ஆச்சரியம் எல்லாவற்றுக்கும் பொது. எதிர்பார்த்தது நடக்காவிட்டால் போதும், "இன்னும் சாப்பிடலையா? ஆச்சரியமா இருக்கே" என்கிறோம், அங்கே கடலும் இல்லை கோபுரமும் இல்லை. அதிசயத்தில் அரிதாக நடப்பது என்ற குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. "என்ன அதிசயமா இந்தப் பக்கம்?" என்று கேட்டால் அது வரவேற்பு மட்டுமல்ல, குத்தலும்கூட. மாணிக்கவாசகர் "அதிசயம் கண்டாமே" என்று பாடிய சொல்தான் இப்படி வாசற்படியில் வந்து நிற்கிறது.

மலைப்பும் பிரமிப்பும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. பிரமிப்பு பார்வையாளனுடையது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்குப் பிரமிப்பு. அந்த விமானம் முழுவதையும் அளந்து படம் வரைந்து கொடு என்று வேலை கொடுக்கப்பட்டவனுக்கு மலைப்பு. பொருள் ஒன்றே, ஆனால் இரண்டாமவன் அதைத் தூக்கவேண்டும். "மூணு பிள்ளைக்கும் ஃபீஸ் கட்டணும்னு நெனச்சாலே மலைப்பா இருக்கு" என்ற இடத்தில் பிரமிப்பைப் போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். திகைப்பில் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமை இருக்கவேண்டும், நல்லதுக்கும் வரும் கெட்டதுக்கும் வரும். மெய்சிலிர்ப்பு உடம்பில் நடப்பது. புல்லரிப்பும் அப்படித்தான் இருந்தது, இப்போது அதைக் கிண்டலுக்கு இல்லாமல் பயன்படுத்துவது கடினம். "புல்லரிக்குதுப்பா" என்றால் நம்பவில்லை என்று பொருள்.

இறும்பூது பற்றியும் ஒரு வார்த்தை. அதுவும் பழைய சொல்தான், பதிற்றுப்பத்திலேயே "இறும்பூதாற் பெரிதே" என்று வருகிறது. பொருள் வியப்பு. மேடையில் பேசுபவர்கள் அதைப் பெருமை, பூரிப்பு என்ற பொருளில் பிடித்துக்கொண்டார்கள். "தங்களை வரவேற்பதில் இறும்பூது எய்துகிறேன்" என்று ஒருவர் சொன்னால், நீங்கள் வந்தது எனக்கு நம்பவே முடியவில்லை என்று சொல்கிறார். சில கூட்டங்களுக்கு அது பொருத்தமாகவே இருக்கும்.

மருட்கையை இன்று எழுதலாமா? மெய்ப்பாடு பற்றியோ சங்கப் பாட்டு பற்றியோ எழுதும்போது தாராளமாக எழுதுங்கள். கதையில், கட்டுரையில், வியப்புக்குப் பதில் கொஞ்சம் பழமை மணக்கட்டும் என்று போடவேண்டாம். மருட்சி பயமாகவும் மருட்டல் ஏய்ப்பாகவும் நிலைத்துவிட்ட பிறகு, "உங்கள் பேச்சைக் கேட்டு மருட்கை அடைந்தேன்" என்று எழுதினால் பேசியவர் கோபித்துக்கொள்ளக்கூடும். அந்தப் பொருள் வேண்டுமென்றால் மலைப்பு இருக்கிறது, பிரமிப்பு இருக்கிறது, "கண்ணு பத்தல" இருக்கிறது.

மகளுக்குத் தேர்வுக்காக இன்னொன்று. வியப்பு பற்றிப் பேசினால் மாணவர்கள் வியங்கோள் வினைமுற்றையும் இதே வேரில் கட்டிவிடுகிறார்கள். "வாழ்க" என்பதை வியந்து சொல்வதால் வியங்கோள் என்று எழுதிய விடைத்தாள்களை நான் திருத்தியிருக்கிறேன். வியம் என்றால் ஏவல், கட்டளை. அதற்கும் வியப்புக்கும் தொடர்பு இல்லை. மெய்ப்பாட்டு வினாவில் மருட்கை என்று எழுதி அடைப்புக்குறிக்குள் வியப்பு என்று போட்டு, நான்கு காரணங்களையும் நூற்பா வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள். "மதிமை சாலா" என்பதற்கு ஒரு வரி விளக்கம் சேர்த்தால் திருத்துபவர் ஒரு நொடியாவது பேனாவை நிறுத்துவார்.